எந்த மின்கலம் தாங்கும்?



என் கையில் இருக்கும் இந்த உருளையைப் பின்வரிசையில் இருப்பவர்களும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கட்டைவிரல் பருமன், ஆள்காட்டி விரல் நீளம். இது ஒரு லித்தியம் அயனி மின்கலம், அதாவது செல். இதன் பெயர் 18650. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். உருளை வடிவம் என்பதைக் கடைசிச் சுழியம் சொல்கிறது. எடை 45 முதல் 48 கிராம் வரை. மடிக்கணினியில் இருப்பது, டார்ச் லைட்டில் இருப்பது, பவர் பேங்கில் இருப்பது, பல மின் ஸ்கூட்டர்களின் இருக்கைக்கு அடியில் வரிசை வரிசையாக அடுக்கியிருப்பது எல்லாம் இந்த உருளையோ இதன் உறவினரோதான்.

மின் சிகரெட்டின் டேங்கிற்கு, அதாவது திரவத்தைச் சூடேற்றிப் புகையாக்கும் மேற்பகுதிக்கு, எந்த பேட்டரி பொருந்தும் என்பது இன்றைய பேச்சின் பொருள். அதைக் கேட்டுச் சிலர் புருவம் உயர்த்தியிருப்பீர்கள். நம் நாட்டில் 2019-இல் முதலில் அவசரச் சட்டமாகவும், பிறகு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமாகவும் மின் சிகரெட்டுக்குத் தடை வந்துவிட்டது. தயாரிக்கக் கூடாது, இறக்குமதி செய்யக் கூடாது, விற்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. தமிழ்நாடு அரசு அதற்கு முந்தைய ஆண்டே தடை போட்டது. அதை வாங்கவோ பிடிக்கவோ வழி சொல்ல நான் இங்கே வரவில்லை. நிகோடின் உடம்பை என்ன செய்யும் என்பதை மருத்துவர்கள் பேசட்டும். நான் பேட்டரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மின் சிகரெட்டை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நீங்கள் ஒரு செல்போன் வாங்கினால், அதற்கு எந்த மின்கலம் பொருந்தும் என்று ஒரு பொறியாளர் குழு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கும். எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம், எந்த வெப்பநிலையில் நிறுத்த வேண்டும், எப்போது சார்ஜை வெட்ட வேண்டும் என்று பார்த்து, அதற்கென ஒரு பாதுகாப்புச் சுற்றையும் உள்ளே வைத்திருப்பார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 2010-க்குப் பிறகு பரவிய பெரிய மின் சிகரெட்டுகளில் இந்த வேலை வாங்குபவரின் தலையில் விழுந்தது. கருவி ஒரு கடையில், டேங்க் இன்னொரு கடையில், சூடேற்றும் காயில் வேறொரு இடத்தில், பேட்டரி எங்கிருந்தோ. நான்கையும் சேர்த்துப் பொருத்தி, முகத்துக்கு நேரே பிடித்து, பொத்தானை அமுக்க வேண்டும். தொழிற்சாலைக்கென்று செய்த வெறும் செல்லைச் சாதாரண மனிதர் தானே தேர்ந்தெடுத்து, அதிலிருந்து 20 ஆம்பியர், 30 ஆம்பியர் என்று உறிஞ்சிய அன்றாடப் பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. லித்தியம் மின்கலத்தை எப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கும், எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. அந்தப் பாடத்துக்குப் பலர் தங்கள் தொடையையும் கையையும் முகத்தையும் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்றைய மின் சிகரெட்டின் மூலவடிவத்துக்கு 2003-இல் காப்புரிமை கோரியவர் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளுநர். தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். முதலில் வந்த கருவிகள் சிகரெட் அளவிலேயே இருந்தன. அவற்றின் சூடேற்றும் கம்பிச்சுருள், அதாவது காயில், 2 ஓமுக்கு மேல் மின்தடை கொண்டது. ஒன்றரை ஆம்பியர், இரண்டு ஆம்பியர் போதும். அந்த அளவு மின்னோட்டத்தை எந்த லித்தியம் செல்லும் சிரமமில்லாமல் கொடுக்கும். பிறகு, நிறையப் புகை வர வேண்டும் என்ற ஆசை வந்தது. டேங்க் பெரிதானது, காயில் தடித்தது, மின்தடை ஒரு ஓமுக்குக் கீழே இறங்கியது. 0.5, 0.2, சிலர் தாங்களே கம்பி சுற்றி 0.1 வரைக்கும் போனார்கள்.

இங்கேதான் கணக்கு வருகிறது. பள்ளியில் படித்த ஓம் விதிதான். 1827-இல் ஜெர்மானியர் ஜார்ஜ் ஓம் எழுதிவைத்தது. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் அயனி செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். 2 ஓம் காயிலுக்கு 2.1 ஆம்பியர். 0.5 ஓம் காயிலுக்கு 8.4 ஆம்பியர். 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். 0.1 ஓம் என்றால் 42 ஆம்பியர். நம் வீட்டு ஏ.சி.க்குப் போடும் பிளக்கே 16 ஆம்பியர்தான். அதைவிட அதிகமான மின்னோட்டம் கட்டைவிரல் பருமன் உருளைக்குள்ளிருந்து புறப்பட்டுவர வேண்டும்.

அப்படியானால் எந்த செல்லை வாங்குவது? பெரும்பாலோர் பார்த்தது உறையின் மேல் பெரிய எழுத்தில் இருந்த எண்ணை. 2500 எம்ஏஎச், 3000 எம்ஏஎச், 3400 எம்ஏஎச். எண் பெரிதாக இருந்தால் சரக்கு நல்லது என்பது நமக்குப் பழகிப்போன எண்ணம். அந்த எண் சொல்வது மில்லி ஆம்பியர் மணிக் கணக்கில் கொள்ளளவு. செல் எவ்வளவு நேரம் உழைக்கும் என்பது. ஒரே மூச்சில் எவ்வளவு மின்னோட்டத்தை அதனால் தர முடியும் என்பது வேறு கணக்கு. கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு தயாராக இருக்கிறது, பரிமாற இரண்டே பேர் என்று வையுங்கள். பந்தியில் இருநூறு பேர் ஒரே நேரத்தில் சாம்பார் கேட்டால், அண்டா நிறைய இருக்கும் சாம்பாரால் பயனில்லை. பரிமாறுகிறவர்களை விரட்டினால் அவர்கள் மயங்கி விழுவார்கள். எம்ஏஎச் என்பது அண்டாவின் அளவு. தொடர்ந்து தரக்கூடிய ஆம்பியர் என்பது பரிமாறும் ஆட்களின் எண்ணிக்கை. டேங்கிற்குச் செல் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பவை. செல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் அது விளங்கும். மின்சாரம் முழுவதும் வடிந்த ஒரு செல்லை ஆய்வுக்கூடத்தில், தக்க பாதுகாப்போடு அறுத்துப் பிரித்தால், உள்ளே பாய்போலச் சுருட்டிய பட்டை வெளியே வரும். விரித்தால் அரை மீட்டருக்கும் மேல் நீளும். ஒரு பக்கம் செம்புத் தகடு, அதன் மேல் கறுப்பாகக் கிராஃபைட் பூச்சு. இன்னொரு பக்கம் அலுமினியத் தகடு, அதன் மேல் நிக்கல், கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோகங்களின் ஆக்சைடு. இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள். எல்லாம் எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைசலில் ஊறியிருக்கும். பட்டையின் மேல் பூச்சைத் தடிமனாக அப்பினால் லித்தியம் தங்க இடம் கூடும், எம்ஏஎச் ஏறும். ஆனால் அயனிகள் அந்தத் தடித்த பூச்சைக் கடந்து வரப் பாடுபட வேண்டும், உள்தடை கூடும். பூச்சை மெல்லிதாக்கி, பட்டையை நீளமாக்கினால் பாதை சுலபமாகும், மின்னோட்டம் தாராளமாக வரும். ஆனால் அதே உருளைக்குள் உலோகத் தகடு அதிக இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கொள்ளளவு குறையும். உருளையின் அளவு மாறாத வரைக்கும் ஒன்றை வாங்க இன்னொன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எந்தக் கம்பெனியாலும் இதைத் தாண்ட முடியாது.

பானசோனிக்கின் 18650பி என்ற புகழ்பெற்ற செல் ஏறக்குறைய 3400 எம்ஏஎச் கொள்ளளவு உடையது. அதிலிருந்து தொடர்ச்சியாக எடுக்கக்கூடியது சுமார் 7 ஆம்பியருக்குள்தான். மடிக்கணினிக்கும் டார்ச்சுக்கும் அது அருமையான செல். சாம்சங் 25ஆர் என்பது 2500 எம்ஏஎச். ஆனால் 20 ஆம்பியரைத் தொடர்ந்து தரும். சோனி விடிசி5ஏ 2600 எம்ஏஎச், 25 ஆம்பியர். 0.2 ஓம் காயிலை வைத்துக்கொண்டு, எண் பெரிதாக இருக்கிறதே என்று 3400-ஐ வாங்கியவர், ஏழு ஆம்பியருக்குச் செய்த செல்லிடம் 21 ஆம்பியர் கேட்கிறார்.

கேட்டால் என்ன ஆகும்? செல்லின் உள்தடை 20 மில்லி ஓம் என்று கொள்வோம். 5 ஆம்பியர் எடுக்கும்போது உள்ளே உண்டாகும் வெப்பம் அரை வாட். 20 ஆம்பியர் எடுக்கும்போது அது 8 வாட். மின்னோட்டம் நான்கு மடங்கு, வெப்பம் பதினாறு மடங்கு. உள்தடை இரட்டிப்பாக உள்ள செல்லில் 16 வாட். இந்த வெப்பம் முழுவதும் மூடிய எஃகு உருளைக்குள். சுமார் 130 டிகிரி செல்சியஸ் வந்தால் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தாள் உருகத் தொடங்கும். தாள் போனால் இரு பட்டைகளும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து மின்னோட்டத்தை நிறுத்தினாலும் பயனில்லை. ஆக்சைடு சிதைந்து ஆக்சிஜனை விடும், கரைசல் எரியும், வெப்பமே மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கும்.

உறையில் சில சமயம் இரண்டு ஆம்பியர் எண்கள் இருக்கும். ஒன்று தொடர் மின்னோட்டம், இன்னொன்று நொடிப்பொழுதுக்கான உச்ச மின்னோட்டம். உச்ச எண்ணைத்தான் பெரிதாக அச்சடிப்பார்கள். அந்த நொடிப்பொழுது எத்தனை நொடி, நடுவில் எவ்வளவு ஓய்வு என்பதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஐந்து நொடிதானே பொத்தானை அமுக்குகிறேன், உச்ச எண் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. பையில் இருக்கும்போது பொத்தான் சிக்கிக்கொண்டால் அந்த ஐந்து நொடி ஐந்து நிமிடம் ஆகும். தொடர் மின்னோட்ட எண்ணை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. அதிலும் செல் பழசாகப் பழசாக உள்தடை ஏறுவதால், எண்ணுக்குக் கீழே கொஞ்சம் இடம்விட்டே கணக்குப் போட வேண்டும்.

கருவியின் வகையும் கணக்கை மாற்றும். மெக்கானிக்கல் மாட் என்று ஒன்று உண்டு. உலோகக் குழாய், ஒரு செல், ஒரு பொத்தான், மேலே டேங்க். சில்லு கிடையாது, ஃபியூஸ் கிடையாது. அதில் செல் முழுதாக நிரம்பியிருக்கும்போதுதான் மின்னோட்டம் உச்சம், போகப்போகக் குறையும். இன்னொரு வகை, உள்ளே மின்னணுச் சுற்று உள்ளது. நாம் 80 வாட் என்று வைத்தால் அது எப்பாடுபட்டாவது 80 வாட்டைக் கொடுக்கும். இதில் கணக்கு தலைகீழ். 80 வாட்டை 4.2 வோல்ட்டால் வகுத்தால் 19 ஆம்பியர். செல் வடிந்து 3.2 வோல்ட்டுக்கு வந்த நிலையில் வகுத்தால் 25 ஆம்பியர். சுற்றில் வீணாகும் பத்து சதவிகிதத்தையும் சேர்த்தால் 28 ஆம்பியருக்குப் பக்கத்தில் வரும். சோர்ந்துபோன செல்லிடமிருந்துதான் அந்தக் கருவி அதிகம் பிடுங்குகிறது. காயிலின் ஓமை வைத்து மட்டும் கணக்குப் பார்த்தவர்கள் பலர் இதைக் கவனிக்கவில்லை.

இரண்டு செல் போடும் கருவியில் அவை அடுத்தடுத்து இணைந்திருக்கின்றனவா, பக்கம் பக்கமாக இணைந்திருக்கின்றனவா என்று தெரிந்தாக வேண்டும். பக்கம் பக்கமாக, அதாவது பேரலலாக இருந்தால் 21 ஆம்பியரை இரண்டும் பாதிப் பாதியாகச் சுமக்கும். சீரிஸாக இருந்தால் மின்னழுத்தம் 8.4 வோல்ட் ஆகி, சுற்று இல்லாத கருவியில் அதே 0.2 ஓம் காயில் ஒவ்வொரு செல்லிலிருந்தும் 42 ஆம்பியர் கேட்கும். இரண்டும் ஒரே நாளில் வாங்கிய, ஒரே வகை செல்களாக இருக்க வேண்டும். ஒன்றாகவே பயன்படுத்தி ஒன்றாகவே சார்ஜ் செய்ய வேண்டும். சீரிஸில் புதுசும் பழசும் சேர்ந்தால், பழையது முதலில் காலியாகி, புதியது அதைப் பூச்சியத்துக்கும் கீழே தள்ளிவிடும்.

போலிகளைப் பற்றி ஆத்திரத்தோடுதான் பேச வேண்டியிருக்கிறது. 18650 அளவில் 6800 எம்ஏஎச், 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட செல்கள் விற்கின்றன. நல்ல செல் ஒன்றில் அடங்கும் ஆற்றல் ஏறக்குறைய 12 வாட் மணி. 9900 என்பது உண்மையானால் 36 வாட் மணி இருக்க வேண்டும். அதே எடைக்கு மூன்று மடங்கு ஆற்றல் தரும் வேதியியல் இந்த உருளைக்குள் இன்னும் நுழையவில்லை. அப்படிப்பட்ட செல்லை உண்மையில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் போவதுண்டு. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 45 கிராமுக்கு வெகுவாகக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். எடை சரியாக இருப்பதால் மட்டும் நல்ல செல் என்று ஆகிவிடாது. இன்னொன்று, சந்தையில் இருக்கும் பல பிராண்டுகளுக்குச் சொந்தமாக செல் தொழிற்சாலையே கிடையாது. சாம்சங், எல்ஜி, பானசோனிக், மொலிசெல், 2017-இல் சோனியின் பேட்டரிப் பிரிவை வாங்கிய முராட்டா போன்றவர்களின் செல்லுக்குத் தங்கள் நிற உறையைப் போட்டு விற்கிறார்கள். இன்று உள்ளே இருக்கும் செல்தான் அடுத்த மாதமும் உள்ளே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அந்த உறையையே கொஞ்சம் பார்ப்போம். பாருங்கள், மிக மெல்லிய பிளாஸ்டிக். நாமெல்லாம் நினைப்பது மேல்முனை நேர்மின், கீழ்முனை எதிர்மின் என்று. உண்மையில் அடிமுதல் தோள்வரை இந்த எஃகு உடம்பு முழுவதும் எதிர்மின். மேலே நடுவில் உள்ள சின்னப் பொட்டு மட்டும்தான் நேர்மின். இரண்டுக்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியும், ஒரு காகித வளையமும், இந்த உறையின் விளிம்பும்தான் காவல். விளிம்பில் சின்னக் கிழிசல் விழுந்த செல்லைச் சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு போட்டால், சாவி இரண்டையும் தொட்டுவிடும். அப்போது பாயும் மின்னோட்டத்துக்கு 20 ஆம்பியர் என்ற வரம்பெல்லாம் கிடையாது. நூறு ஆம்பியரையும் தாண்டலாம். கிழிசல் கண்ட செல்லைப் பயன்படுத்தக் கூடாது. உதிரி செல்லை எப்போதும் பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

இதெல்லாம் கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை ஊடகங்களில் பதிவான 195 மின் சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. காயமடைந்தவர்கள் 133 பேர். அவர்களில் 38 பேருக்குக் கடுமையான காயம். 61 நிகழ்வுகள் கருவியோ உதிரி செல்லோ பையில் இருந்தபோது நடந்தவை. 60 நிகழ்வுகள் பயன்படுத்திக்கொண்டிருந்தபோது. 48 சார்ஜ் ஏறும்போது. சியாட்டில் நகரின் ஹார்பர்வியூ மருத்துவமனை மருத்துவர்கள், 2015 அக்டோபரிலிருந்து ஒன்பது மாதங்களில் இப்படி வந்த 15 பேருக்குச் சிகிச்சை அளித்ததை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். தீப்புண்ணோடு, கரைசல் பட்டு உண்டான ரசாயனப் புண்ணும் அவர்களில் சிலருக்கு இருந்தது. பாதிப்பேருக்கு மேல் தொடையிலோ தொடையிடுக்கிலோ காயம். 2018-இல் ஃபுளோரிடாவில் ஒருவரும், 2019-இல் டெக்சாஸில் 24 வயது இளைஞர் ஒருவரும் கருவி வெடித்து இறந்தார்கள். உலோகக் குழாயின் இரு முனைகளும்தான் பலவீனமான இடம். உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறினால் முனை பிய்த்துக்கொண்டு பாயும்; அந்த முனைக்கு நேரே முகம் இருக்கிறது.

சாம்சங், எல்ஜி போன்ற தயாரிப்பாளர்களே, இந்த உதிரி செல்கள் தனிநபர் கையில் போவதற்காகச் செய்தவை அல்ல, மின் சிகரெட்டில் போடாதீர்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். 2021 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் உதிரி 18650 செல்களை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்று எச்சரித்தது. ஆகவே, எந்த பேட்டரி பொருந்தும் என்ற கேள்விக்கு நான் இவ்வளவு கணக்குச் சொன்ன பிறகும், நேர்மையான பதில் ஒன்றுதான். பாதுகாப்புச் சுற்றோடு கருவிக்குள்ளேயே பொருத்தி, யுஎல் 8139 போன்ற பாதுகாப்புத் தரத்துக்குச் சோதித்த பேட்டரிதான் பொருந்தும். உதிரி செல் பொருத்தும் வேலை பொறியாளருடையது. கடை வாசலில் நிற்கும் வாடிக்கையாளருடையது அல்ல.

மின் சிகரெட் நம் கடைகளில் சட்டப்படி இல்லை, உதிரி செல் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் 18650-ஐ ஒற்றையாக வாங்கலாம். நெற்றியில் கட்டும் டார்ச், கையடக்க மின்விசிறி, ப்ளூடூத் ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, அதன் செல்களைக் கொண்டு பவர் பேங்கும் சைக்கிள் பேட்டரியும் செய்யும் இளைஞர்கள் நிறையப் பேர். அவர்கள் திறமையை நான் மதிக்கிறேன். இந்த அரங்கிலும் சிலர் இருக்கலாம். உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். லேப்டாப் செல் கொள்ளளவுக்கென்று செய்தது. மோட்டாருக்கு அதைப் போடாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பதை முதலில் அளந்துகொண்டு, அதற்குப் பிறகு செல்லைத் தேடுங்கள். உள்தடையை அளக்காத செல்லை மற்றொன்றோடு சேர்க்காதீர்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாமல் எதையும் மூடாதீர்கள். ஒற்றைச் செல்லை 4.2 வோல்ட்டில் நின்றுகொள்ளும் சார்ஜரைத் தவிர வேறெதிலும் செருகாதீர்கள். படுக்கையில் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் உதிரி செல்லை விடாதீர்கள்.

உபயோகம் முடிந்த செல்லைக் குப்பைத்தொட்டியில் வீசாதீர்கள். அதில் மிச்சமிருக்கும் மின்சாரமே குப்பை வண்டியைப் பற்றவைக்கப் போதும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் இருக்கிறது. இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். நசுங்கிய செல்லாக இருந்தால் மற்றவற்றோடு கலக்காமல், உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் தனியாக எடுத்துச் செல்லுங்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தராசும் மின்தடை அளக்கும் மீட்டரும் மேடையிலேயே இருக்கின்றன, உங்கள் டார்ச்சில் இருக்கும் செல்லையும் அளந்து பார்க்கலாம்.